ஊறல் தொட்டிக் குரல்

சாலையில் நின்று யாராவது “டேய்” என்று கூப்பிட்டால், கடைக்குள்ளிருந்தும் ஒரு “டேய்” வந்தது. கூப்பிட்டவர் வாயை மூடிய மறுகணம் வரும். கூப்பிட்ட குரலைவிடக் கனமாக இருக்கும். குடத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசியதுபோல. கடையில் மருதையனைத் தவிர ஆள் கிடையாது. மருதையன் பேசவில்லை. தான் பேசவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை மற்றவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்பதுதான் தெரியவில்லை.

எல்லோருக்கும் வந்தாலாவது பழகிப்போயிருக்கும். சிலர் வந்தால் வந்தது, சிலர் வந்தால் வரவில்லை. இடியாப்பம் சுட்டு விற்கும் சைத்தூன் பீவி அந்தக் குரலை ஒரு நாளும் கேட்டதில்லை. மிராசுதார் சாம்பசிவத்துக்கு அது ஒரு நாளும் தப்பியதில்லை.

கீழப்பரங்குடி கூட்டுறவுப் பண்டகசாலை, மூடிக் கிடந்த ஒரு நெல் மில்லின் முன்னறையில் நடந்தது. குடவாசலிலிருந்து வரும் சாலை வாய்க்கால் மதகைத் தாண்டித் தெற்கே திரும்பும் முனையில் அந்த மில். முன்னால், ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருந்த அறை. அதன் பின்னால் நீண்டு கிடக்கும் கூடம், மேலே தகரக் கூரை. கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க ஊறல் தொட்டிகள். புழுங்கல் அரிசிக்கு நெல்லை அவிப்பதற்கு முன்னால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அதற்காகக் கட்டியவை, ஆள் இறங்கி நின்றால் தலை வெளியே தெரியாது. ஊறிய நெல்லை உள்ளே நிற்பவர் கூடையில் வாரித் தூக்கித் தருவார், மேலே நிற்பவர் வாங்கி அவிப்பதற்குக் கொண்டுபோவார். உள்ளே நின்று வாருவது மருதையனின் அப்பா கண்ணுசாமியின் வேலையாக இருந்தது.

மேலேயிருந்து “டேய் கண்ணுசாமி” என்றால் தொட்டிக்குள்ளிருந்து “ஆண்டே” என்று பதில் வரும். ஆளைப் பார்க்க முடியாது. நான்கு பக்கச் சிமெண்டுச் சுவரிலும் இடித்துக்கொண்டு வருவதால் அந்தக் குரல் கனத்து, வயது கூடி ஒலிக்கும். ஊரில் பலருக்குக் கண்ணுசாமியின் முகத்தைவிட அந்தக் குரல்தான் நினைவில் இருந்தது. ஓர் ஐப்பசி அடைமழையில் அவர் தொட்டிக்குள்ளேயே விழுந்து இறந்துபோனார். ஊறல் புளித்துவிட்டால் அடியில் கெட்ட காற்று தேங்கும், குனிந்தவரை அது மயக்கிவிடும் என்று பிறகு யாரோ சொன்னார்கள். மேலே நின்றவர்கள் அன்றைக்கு வெகுநேரம் “டேய், டேய்” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். பதில் வராததைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டவும் செய்தார்களாம். அதற்கப்புறம்தான் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

பிறகு கூலித் தகராறு முற்றிய ஒரு வருஷம் முதலாளி மில்லைப் பூட்டினார், எந்திரங்களைக் கழற்றி விற்றார், கும்பகோணத்துக்குப் போய்விட்டார். ஊரில் கொடிகள் மாறின. நில உச்சவரம்புச் சட்டம் வந்து, நிலங்கள் அத்தை பேருக்கும் மாமன் பேருக்கும் அவசரமாகப் பிரிந்துகொண்டிருந்தன. அறுவடைக்கு வெளியூர் ஆளைக் கொண்டுவந்தார்கள் என்று ஒரு பக்கமும், வரப்பில் கொடி நட்டார்கள் என்று ஒரு பக்கமும் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். கூட்டுறவுச் சங்கம் மில் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து, முன்னறையில் கடையும் கூடத்தில், அரசுக்குக் கட்டாயமாக அளக்கவேண்டிய லெவி நெல்லுக்குக் கிடங்குமாக வைத்துக்கொண்டது. பத்தாவது தேறியிருந்த மருதையனுக்கு அங்கே சேல்ஸ்மேன் வேலை கிடைத்தது. அவர்கள் தெருவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

கடை வேலை பார்ப்பதற்குத்தான் லேசு. சர்க்கரையும் சீமெண்ணெயும் ஒரே அறையில் இருந்தன. பீப்பாயிலிருந்து கைப்பம்பால் சீமெண்ணெயை அளவைக் குவளைக்கு இழுத்து, அளவையிலிருந்து புனல் வழியாகத் தகரத்தில் ஊற்ற வேண்டும். எவ்வளவு கவனமாக ஊற்றினாலும் கையில் படும். அதே கையால் சர்க்கரையைத் தொட்டால் அன்றைக்கு ஊர் முழுக்கத் தேத்தண்ணீர் நாறும். அதனால் மருதையன் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு சட்டியில் தவிடு வைத்திருந்தார். தவிட்டில் கையைத் தேய்த்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தராசுக்கு வருவார். உள்ளே வந்து நிற்பவர்களுக்கு இது கண்ணில் படும், காத்திருப்பார்கள். சாலையில் நின்று கூப்பிடுகிறவர்களுக்குத் தெரியாது.

சாலையில் நின்று கூப்பிடுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை மிராசுதார்கள். கடைப்படி ஏறுவது அவர்களுக்கு வழக்கமில்லை. வண்டியைச் சாலையில் நிறுத்திக் கூப்பிட்டால் சாமான் வண்டிக்கு வரவேண்டும். முன்பெல்லாம் அதற்கும் பண்ணையாள்தான் வருவார். பண்ணையாட்கள் கூலிச் சண்டையில் விலகிப்போன பிறகு சாம்பசிவமே வில்வண்டியை ஓட்டிக்கொண்டு ரேஷன் அட்டையோடு வரவேண்டியதாயிற்று. கடையில் எப்படி நிற்பது என்று அவருக்குத் தெரியாது. அதுவரை நிற்கவேண்டி வந்ததில்லை. இன்னொரு வகை புதிதாகக் கரைவேட்டி கட்டியவர்கள். சைக்கிளைவிட்டு இறங்காமல், ஒற்றைக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, “ஏய் சேல்ஸ்மேனு!” என்பார்கள். சங்கத்தின் டைரக்டரும் கட்சியின் கிளைச் செயலாளருமான நாகநாதன் அந்த வகை.

மருதையன் உடனே பதில் சொல்வதில்லை. கையில் சீமெண்ணெய் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று அவர்கள் தெருப் பழக்கம். ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் முதல் இரண்டு அழைப்புக்கு ஏன் என்று கேட்க மாட்டார்கள். காற்றுக் கருப்பு இரண்டு தடவைதான் கூப்பிடும். மூன்றாவது தடவையும் கூப்பிட்டால் மனிதன். தராசு மேசை அறையின் தெற்கோரமாக இருந்ததால் அங்கே நின்றால் சாலை தெரியாது. ஆகவே மூன்றாவது தடவைக்குத்தான் தலையை நீட்டி, “தோ வந்துட்டேங்க” என்பார்.

வைகாசியில் லாரிகள் வந்து லெவி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போயின. கூடம் காலியானது. அதற்குப் பிறகுதான் குரல் வர ஆரம்பித்தது.

சாம்பசிவம் “டேய்” என்றார். உள்ளே ஒரு “டேய்”. அவர் திகைத்து, இன்னும் ஓங்கி “டேய்!” என்றார். உள்ளேயும் ஓங்கி “டேய்!” மூன்றாவது தடவை கூப்பிட்டபோது மருதையன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “சொல்லுங்கய்யா” என்று நின்றார். சாம்பசிவத்தின் இடத்தில் யார் இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? அவரும் அதைத்தான் நினைத்தார்.

“எங்கிட்டயே விளையாடறியா? உங்கப்பன் இருந்த இடம் தெரியாம இருந்தான்.”

“நான் ஒண்ணும் சொல்லலீங்களே.”

“அப்பறம் உன் பாட்டனா சொன்னான்?”

மருதையனுக்கும் அது கேட்டிருந்தது. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அறைக்கும் கூடத்துக்கும் நடுச்சுவரில் இருந்த கம்பி போட்ட ஜன்னலுக்கு அப்பால், இருட்டான கூடத்தின் கோடியிலிருந்து வந்தது. பாட்டன் குரல் அவருக்குத் தெரியாது. இந்தக் குரலைத் தெரியும்.

*

சாம்பசிவத்தின் புகார் சங்கத்துக்குப் போனது. நாகநாதன் சைக்கிளில் மருதையன் வீட்டு வாசலுக்கே வந்தார். வேலியோரம் காலை ஊன்றிக்கொண்டு பேசினார்.

“வெள்ளிக்கிழமை விசாரணை. அந்த ஆளும் வர்றாரு. நான் சொல்லலேன்னு மட்டும் நின்னீன்னா எடுபடாது மருதையா. நீ சொல்லலேன்னா யாரு சொன்னாங்கிறதைக் காட்டு. இல்லே, கால்ல விழுந்துட்டுப் போயிடு. ரெண்டும் இல்லேன்னா சாவியக் குடுத்துட வேண்டியதுதான்.”

மருதையனின் மனைவி அம்சம் அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். “ஏண்ணே, சொல்லாத வார்த்தைக்குக் கால்ல விழச் சொல்றீங்க. மேடையில நிமிர்ந்து நில்லுன்னு பேசுறதும் நீங்கதானே?”

“மேடை வேற, சங்கம் வேறம்மா. அவரு பக்கம் மூணு டைரக்டருங்க இருக்காங்க.” நாகநாதன் குரலைத் தாழ்த்தினார். “எனக்கும்தான் ஒரு நாளு ஏய்னு வந்துச்சு. வெளியில சொல்லிக்கல. உள்ள யாரைய்யா வச்சிருக்கே?”

நாகநாதன் சைக்கிளை அழுத்திக்கொண்டு போய்விட்டார்.

அந்த வருஷம் குறுவைக்கு யார் யாரை வேலைக்குக் கூப்பிடுவது என்பதில் பெரிய பிடிவாதம் நடந்துகொண்டிருந்தது. அம்சத்துக்கு நடவு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. அவர்கள் தெருப் பெண்களை வயலில் இறக்குவதில்லை என்று பண்ணைகள் பேசி வைத்திருந்தன. மருதையனின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. வேலை போனால் அவர் கூலி கேட்டு நிற்க வேண்டிய வாசல்களில் முதல் வாசல் சாம்பசிவத்துடையது.

பழைய சோற்றில் மோர் ஊற்றி, சுட்ட நெத்திலியை வைத்தார் அம்சம். மருதையன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டிலும் அந்தப் பழக்கம் வந்துவிட்டிருந்தது.

“யாருன்னு எனக்குத் தெரியும் புள்ள,” என்றார்.

“யாரு?”

“அப்பா.”

அம்சம் சிரிக்கவில்லை. விசிறியை மட்டும் நிறுத்தினார்.

“தொட்டிக்குள்ளேருந்து அப்பா பேசுனா எப்புடி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதே கனம். அன்னைக்கி கூப்பிட்டப்ப அதால பதில் சொல்ல முடியல. இப்பச் சொல்லுது. ஆண்டேன்னு சொல்ல இஷ்டமில்லாம அதையே திருப்பிச் சொல்லுது.”

“மாமா சாவுறதுக்கு முன்னாடி ஒருத்தரை ஒரு வார்த்தை எதுத்துப் பேசினதில்ல.”

“அதான். செத்தப்பறம் பயம் என்னா?”

அம்சம் சட்டியின் விளிம்பைத் துடைத்தார். “சரி. மாமான்னே வச்சுப்போம். மவனுக்கு வேலை போவுதுன்னு தெரிஞ்சா பேசுவாங்களா? போய்ச் சொல்லுவோம். பிடிச்சதை வச்சுட்டுக் கேட்டுக்குவோம்.”

*

படைப்பதற்கு உச்சிப்பொழுதுதான் சரி என்று அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணம். நிழல் காலடியில் ஒடுங்கும் அந்த நேரத்தில் வாய்க்கால் கரையில்கூட யாரும் தனியாக நடக்க மாட்டார்கள். வியாழக்கிழமை, கடையின் மதிய இடைவேளையில், அம்சம் ஒரு வாழையிலையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் மடித்துக்கொண்டு வந்தார். மருதையன் ஒரு கட்டுப் பீடி வாங்கி வைத்திருந்தார். முன்கதவைத் திறந்து வைத்தபடியே, பக்கத்துக் கதவு வழியாக இருவரும் கூடத்துக்குள் இறங்கினார்கள்.

உள்ளே வெளியைவிடச் சூடு. பல வருஷமாக நெல் அவியாத இடத்தில் இன்னும் புளித்த ஊறல் நாற்றம் இருந்தது. தகரக் கூரை வெயிலில் விரிந்து, ஆணி பிடித்த இடங்களில் டக், டக் என்று முறிப்பதுபோல ஒலித்தது. ஒவ்வொரு டக்குக்கும் கோடியில் இன்னொரு டக். யாரோ கூரைமேல் நடந்து போக, இன்னொருவர் சற்றுப் பின்தங்கி நடப்பதுபோல இருந்தது. அம்சம் மருதையனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

அப்பா இறந்த தொட்டியின் மேட்டில் இலையை வைத்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தபோது உலர்ந்த சேறும் வௌவால் எச்சமும் தவிர எதுவும் இல்லை.

“அப்பா,” என்றார் மருதையன். மெல்லத்தான் பேசினார். “இனிமே பேசாதப்பா. நீ பேசுனா நான் பேசுனதா ஆவுது. வேலை போயிடும்ப்பா. சோறு வச்சிருக்கு. சாப்பிட்டுட்டுச் சும்மா இருப்பா.”

காத்திருந்தார்கள். கூரை மட்டும் டக்கென்றது. பதில் இல்லை.

“ஒத்துக்கிட்டாங்க போலருக்கு,” என்று அம்சம் முணுமுணுத்தார்.

அப்போது சாலையிலிருந்து யாரோ “ஏய்!” என்று கூப்பிட்டார்கள். சத்தம் அவர்கள் தலைக்கு மேலாக, ஜன்னலிலிருந்து உள்ளே பாய்ந்து போனதை இருவரும் உணர்ந்தார்கள். கோடியில் நின்ற உயரமான காரைச்சுவரிலிருந்து அது புறப்பட்டுத் திரும்பி, மறுபடியும் அவர்களைத் தாண்டி ஜன்னல் வழியே வெளியே போனது. “ஏய்!”

தொட்டிக்குள் எதுவும் அசையவில்லை.

அம்சம் சட்டையை விட்டுவிட்டார். தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

“ஏங்க. அது தொட்டியிலேருந்து வரல.”

“பின்ன?”

“வெளியிலேருந்து வந்துச்சு. அங்க போயி முட்டிட்டு வந்த வழியே போச்சு. பந்து அடிச்சா வர்ற மாதிரி.”

“முன்னாடியெல்லாம் வரலியே.”

“முன்னாடி இங்க என்னா இருந்துச்சு?”

மருதையன் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மில் ஓடிய காலத்தில் எந்திர இரைச்சலில் ஒருவர் பேசுவதே இன்னொருவருக்குக் கேட்காது. அதற்கப்புறம் கூரை முட்ட நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மெத்தையில் அடித்த பந்து திரும்பி வராது. சாக்கில் போன சத்தமும் அப்படித்தான். வைகாசியில் மூட்டைகள் போய்விட்டன. வெறும் சுவர் மிச்சம்.

மருதையன் முன்னறைக்கு ஓடினார். கூப்பிட்டவர் காத்திருக்காமல் போயிருந்தார். வாசற்படியில் நின்றுகொண்டு பார்த்தபோது அவருக்கு இன்னொன்று புரிந்தது. சாலை, வாசல், கம்பி ஜன்னல், கோடிச் சுவர் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஜன்னல் கொஞ்சம் உயரம். வண்டியில் உட்கார்ந்தவரின் வாயும் சைக்கிளில் இருப்பவரின் வாயும் சரியாக அந்த ஜன்னல் மட்டத்துக்கு வந்தன. படியேறி உள்ளே வருகிறவர்கள் தெற்கோரத் தராசு மேசைக்குத் திரும்பிவிடுவார்கள். அவர்கள் பேச்சு ஜன்னலுக்குப் போவதே இல்லை. சைத்தூன் பீவிக்குக் குரல் கேட்காதது அதனால்தான்.

“இரு, சோதிச்சுப் பாத்துடுவோம். நீ ரோட்டுல போயி நில்லு. கூப்பிடு.”

“யாரை?”

“என்னைத்தான்.”

“எப்புடிக் கூப்பிடறது?”

“அவரு எப்புடிக் கூப்பிடுவாரோ அப்புடி.”

அம்சம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து கணவரின் பெயரையே அவர் சொன்னதில்லை. “இந்தாங்க” என்பார், “ஏங்க” என்பார், அவசரத்துக்குக் கையைத் தட்டுவார். “போங்க. புருஷனைப் போயி அந்த வார்த்தையா? நாக்கு அழுவிப் போயிடும்.”

“வேலை போயிடும் புள்ள.”

அம்சம் சாலையின் நடுவே போய் நின்றார். ஜன்னல் மட்டத்துக்கு வாய் எட்டவில்லை என்று மருதையன் ஒரு காலிப் பீப்பாயை உருட்டிவந்து கவிழ்த்தார். அம்சம் அதன்மேல் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, “டேய்!” என்றார்.

கூடத்தின் கோடியிலிருந்து, கனமாக, ஒரு பெண்குரல் “டேய்!” என்றது.

அம்சம் கண்ணைத் திறந்தார். முகம் வெளிறியிருந்தது. “யாருங்க அது? உள்ள பொம்பளை இருக்கா.”

“நீதான் அம்சம்.”

“என் குரல் இப்புடியா இருக்கும்?”

“இப்புடித்தான் இருக்கும்.”

தன் குரலை வெளியிலிருந்து கேட்டவர்கள் அந்த ஊரில் அப்போது யாரும் இல்லை. நம் குரலை நாம் நம் எலும்பின் வழியாகவும் கேட்கிறோம். அதனால் அது வெளியே தனியாகப் போய்விட்டு வரும்போது அன்னியமாக இருக்கும். வெறும் கூடத்தில் பட்டுக் கனத்து வந்தால் யாரோ செத்தவர் பேசுவதாகவே தோன்றும். அதுவரை சாலையிலிருந்து கூப்பிட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். அதனால்தான் குரல் கண்ணுசாமியுடையதாக இருந்தது.

அம்சம் இன்னொரு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். முதல் தடவை இருந்த கஷ்டம் இல்லை. மூன்றாவது தடவை கொஞ்சம் ருசியாகவே கூப்பிட்டார். அந்த நேரத்தில் தலையில் இடியாப்பக் கூடையோடு சைத்தூன் பீவி மதகைத் தாண்டி வந்தார்.

“என்னாடி அம்சம்! பட்டப்பகல்ல பீப்பா மேல ஏறி நின்னு புருஷனை டேயிங்கிற? காலம் அம்புட்டு மாறிப்போச்சா?”

“நான் கூப்பிடலக்கா, மிராசுதாரு கூப்பிடறாரு,” என்றார் அம்சம். கீழே இறங்கியதும் பீவியைக் கட்டிக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகிவிட்டது.

கூடத்துக்குள் போய் இலையை எடுக்கும்போது மருதையன் தொட்டியை மறுபடியும் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை என்பது இப்போது நிச்சயமாகிவிட்டது. அது அவருக்கு நிம்மதியாக மட்டும் இல்லை. பீடிக் கட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

“ஜன்னல்ல சாக்கைக் கட்டிட்டா நின்னுடுமே,” என்றார் அம்சம்.

“குரல் நின்னுடும். கூப்பிடறது நிக்குமா?” என்றார் மருதையன். சற்று யோசித்துவிட்டு, “அதுவும் தவிர, சீமெண்ணெய் ஆவி வெளிய போறதுக்கு இருக்கிறது அந்த ஒரு ஜன்னல்தான். அடைச்சுட்டு ஒருத்தர் பீடி பத்த வச்சா மில்லே போயிடும்,” என்றார்.

*

வெள்ளிக்கிழமை காலையில் தகரமும் பையுமாகக் கடைவாசலில் நல்ல கூட்டம். சாம்பசிவம் வில்வண்டியைச் சாலையில் நிறுத்திவிட்டு மேலேயே உட்கார்ந்திருந்தார். நாகநாதன் சைக்கிளில் காலை ஊன்றியிருந்தார். மருதையன் படியில் நின்றார். அம்சம் சற்றுத் தள்ளி.

“என்ன மருதையா, யாரு சொன்னதுன்னு தெரிஞ்சுதா?” என்றார் நாகநாதன்.

“தெரிஞ்சுதுண்ணே.”

“யாரு?”

மருதையன் வண்டியைப் பார்த்தார். “ஐயாதான்.”

சாம்பசிவத்துக்கு ரத்தம் முகத்தில் ஏறியது. “என்னடா சொன்னே!”

“சொன்னே!” என்றது மில்.

கூட்டம் வாசலைவிட்டு விலகியது. ஒரு கிழவி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டார். மருதையன் எல்லோர் கண் முன்னாலும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தார்.

அம்சம் முன்னால் வந்தார். “ஐயா, உள்ள ஆளு இல்ல. நீங்க பேசுறதுதான் கோடிச் செவுத்துல பட்டுத் திரும்புது. வேணும்னா உங்க மனசுல என்னா இருக்கோ அதைச் சொல்லிப் பாருங்க. உள்ள ஆளு ஒளிஞ்சிருந்தா உங்க மனசு அவனுக்கு எப்புடித் தெரியும்?”

சாம்பசிவம் யோசித்தார். அவர் முட்டாள் இல்லை. உள்ளே யாராவது ஒளிந்திருந்தால் அவனால் சொல்ல முடியாத ஒரு வார்த்தையைத் தேடினார். அந்த ஊரில் யாருமே வாயால் சொல்லாத ஒரு சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. வண்டியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்.

“சாம்பசிவம்!”

மாடுகள் காதைத் திருப்பின. இருட்டுக்குள்ளிருந்து, வயதான, கோபமான ஒரு குரல் வந்தது.

“சிவம்!”

அவருடைய அப்பா போன பிறகு யாரும் அவரை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிராசு என்பார்கள், பெரியய்யா என்பார்கள், மனைவி மதுரம்கூட “இதோ” என்பதோடு சரி. அவர் கையிலிருந்த தார்க்குச்சி மடியில் விழுந்தது. எடுக்கவில்லை.

“நாகநாதன்,” என்றார் மெதுவாக. “இது என் குரலா?”

“ஆமாங்க.”

“இவ்வளவு கடுசா இருக்கே.”

“எப்பவும் இப்புடித்தாங்க இருக்கும்,” என்றார் நாகநாதன். சொன்ன பிறகு தன்னுடைய “ஏய்” நினைவுக்கு வந்திருக்க வேண்டும். சைக்கிளைவிட்டு இறங்கி ஸ்டாண்டு போட்டார்.

“உள்ள வந்து பேசிப் பாருங்கய்யா,” என்றார் மருதையன். “அங்கேருந்து பேசுனா வராது.”

சாம்பசிவம் வண்டியிலிருந்து இறங்கினார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்று, பிறகு போட்டுக்கொண்டே படியேறினார். தெற்கோரத் தராசு மேசை முன்னால் வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் பீப்பாயும் பம்பும் தவிட்டுச் சட்டியும் தெரிந்தன. கூப்பிட வாயெடுத்தவருக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வரவில்லை.

“உன் பேரு என்னப்பா? கண்ணுசாமி மவன்கிறது தெரியும்.”

“மருதையன்ங்க.”

“மருதையன்,” என்றார். உடனே தோளைக் குறுக்கிக்கொண்டு கூடத்தின் பக்கம் காது கொடுத்தார். கூட்டம் முழுவதும் காது கொடுத்தது. கூரை ஒரு தடவை டக்கென்றது. அவ்வளவுதான்.

“சர்க்கரை வேணும்,” என்றார் சாம்பசிவம், அதே தணிந்த குரலில்.

“கையில சீமெண்ணெய் இருக்குதுங்க. கழுவிட்டு வந்துடறேன். செத்த இருங்க.”

செத்த இருங்க என்று அதுவரை அவரிடம் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. சாம்பசிவம் இருந்தார். மருதையன் தவிட்டில் கையைத் தேய்த்தார், விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் தேய்த்தார், சோப்புப் போட்டுக் கழுவினார், முகர்ந்து பார்த்தார், போதவில்லை என்று இன்னொரு தடவை கழுவினார். சாம்பசிவம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வப்போது அவர் கண் ஜன்னல் பக்கம் போய்வந்தது. தராசின் முள் நின்ற பிறகு சர்க்கரை காகிதப் பொட்டலத்துக்குப் போனது. மேலே தொங்கிய சணலை இழுத்துச் சுற்றி மருதையன் கட்டிக் கொடுத்தார். சாம்பசிவம் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“புகாரு என்னங்க செய்யட்டும்?” என்று நாகநாதன் கேட்டார்.

“யார் மேலன்னு எழுதுறது?” என்றார் சாம்பசிவம். படியிறங்கி, வண்டியேறி, மாட்டை அதட்டாமல் தட்டி ஓட்டிக்கொண்டு போனார். சாவி மருதையனின் இடுப்பிலேயே இருந்தது.

ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. குறுவைப் பிடிவாதம் முடியவில்லை. அது வேறு கதை. கூடம் அடுத்த லெவி வரைக்கும் காலியாகத்தான் கிடந்தது, ஜன்னலை யாரும் அடைக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் யாராவது சாலையில் நின்று கூப்பிட்டுவிட்டு, உள்ளே கேட்ட குரலால் வெலவெலத்துப்போய் நின்றால், வரிசையில் இருப்பவர்கள் என்ன செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வண்டியிலிருந்தோ சைக்கிளிலிருந்தோ கூப்பிடக்கூடாது. இறங்கிப் படியேறி உள்ளே வரவேண்டும். கடைக்காரர் கையில் வேலை இருந்தால் முடியும்வரை நிற்கவேண்டும். பிறகு பெயரைச் சொல்லி, பக்கத்தில் நிற்பவரிடம் பேசும் குரலில் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் மில்லுக்குள்ளிருந்து எதுவும் பேசாது.